கிளட்ச் அழுத்த ஓர் ஆள்

3 மார்ச் 1987, செவ்வாய்

கடும் வெயில். வெட்கக்கேடு ஒன்று, எழுதித் தொலைக்கிறேன். காருக்கு அடியிலிருந்து வெளியே வரும்போது கைலி ஜாக்கியில் மாட்டிக்கொண்டது. இழுத்தேன். கைலி அங்கேயே நின்றுவிட்டது, நான் மட்டும் வந்தேன். எதிரே பக்கத்து வீட்டு ராஜம்மா அக்கா, மீன் வாங்கி வந்த பாசார் பையோடு.

"ஐயோ தம்பி! உள்ள போயிடுங்க!"

மறுபடி அடியில் போனேன். வயது ஐம்பத்திரண்டு, அரசாங்க இலாகாவில் தலைமைக் குமாஸ்தா. நாளைக்குள் எங்கள் ஜெலுத்தோங் வட்டாரம் முழுக்கத் தெரிந்துவிடும். இனி மீன் வாங்க ஆயர் ஈத்தாம் சந்தைக்குத்தான் போக வேண்டும்.

மனைவி பாக்கியம் ஜன்னலோர நாற்காலியில். எல்லாம் பார்த்திருப்பாள். பழைய பாக்கியமாக இருந்தால் தெருவையே கூட்டிச் சிரித்திருப்பாள். இந்தப் பாக்கியம் கொட்டாவி விட்டாள்.

5 மார்ச், வியாழன்

தூறல். பா.வை டாக்சியில் ஆஸ்பத்திரிக்கு. தீபாவளிக்கு முன் பக்கவாதம் வந்தது; இடது கால் இன்னும் அப்படியே, எழுந்து நிற்கக் கைத்தடி வேண்டும். தாதிக்குக் கோபம்.

"வீட்ல காலை அசைக்கவே மாட்றாங்களா? இப்படியே விட்டா கடைசி வரைக்கும் நாற்காலிதான் லா, அங்கிள்."

பா. சுவரைப் பார்த்தபடி இருந்தாள்.

ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய கார். பச்சை நிறம், துணிக் கூரை, இரண்டே சீட்டு. பேருக்கு என்னுடையது, ஓட்டியது அவள். கடலோர வளைவுகளில் பஸ்ஸை முந்துவாள். பக்கத்தில் நான், கண்ணை மூடி முருகா முருகா. பிறகு பழுதாகி, துருப்பிடித்து, வாசலில் வருடக்கணக்காக. அவள் விழுந்த பிறகுதான் ஸ்பேனரைக் கையில் எடுத்தேன்.

வேலிக்கு அப்பால் ராஜம்மா யாரிடமோ: "பொண்டாட்டி நாற்காலியில, இவரு காரு அடியில. என்ன மனுஷன் லா."

நியாயமான கேள்வி.

8 மார்ச், ஞாயிறு

வாங்க: கிளட்ச் எண்ணெய், பா.வுக்கு மாத்திரை, கொசுவர்த்தி, எனக்கு நீளக் கால்சட்டை (அவசரம்).

இன்ஜின் உறுமியது! ஓடி வந்து பா.விடம் சொன்னேன். அவள்: "புகை உள்ள வருது. ஜன்னலச் சாத்துங்க."

கிளட்ச் கொழகொழ. குழாயில் காற்று. தனி ஆளால் ஆகாத வேலை: ஒருவர் உள்ளே பெடலை அழுத்திப் பிடிக்க, மற்றவர் அடியில் திருகைத் திறந்து காற்றை விட வேண்டும். கிளட்ச், இடது கால் வேலை. எனக்குள் ஒரு குறும்பு.

"நீ வந்து அமுக்கேன்."

"எந்தக் கால வெச்சுக்கிட்டு?"

"சரி, ராஜம்மா அக்காவக் கூப்பிடுறேன்."

பா. நாற்காலியில் நிமிர்ந்தாள்.

"அந்தப் பொம்பளையா? என் சீட்டுலயா?"

14 மார்ச், சனி

மேகமூட்டம், புழுக்கம். பா.வைக் கைத்தடியோடு தூக்கி டிரைவர் சீட்டில் வைத்தேன். முதுகு போயிற்று. ஸ்டீயரிங்கை ஒருமுறை தடவினாள். நான் அடியில், புதுக் கால்சட்டையோடு.

"அமுக்கு!"

"அமுக்கிட்டேன்!"

"அப்படியே புடி!"

"புடிச்சிருக்கேன் லா! கீழ என்ன, தூங்கிட்டீங்களா?"

அந்தக் குரல். எத்தனை மாதம் ஆயிற்று கேட்டு! குமிழ் குமிழாகக் காற்று, பிறகு சுத்தமான எண்ணெய், பாதி என் முகத்தில். அழுதேன். எண்ணெய் மேல் பழி போட்டேன். மறுபடி மறுபடி அமுக்கினாள், மறுபடி மறுபடி திட்டினாள். பெடல் கல்லாக இறுகியது.

வேலிக்குப் போய்க் கத்தினேன்: "அக்கா! பாக்கியத்துக்குக் கால் வந்துடுச்சு!" ராஜம்மா அழுதுவிட்டாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். செய்தி இந்நேரம் தண்ணீர்மலைக் கோயிலைத் தாண்டியிருக்கும். பா. ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். களைப்பு என்று நினைத்தேன்.

சாயங்காலம் காரைத் துடைத்தேன். கிளட்ச் பெடலில் அப்பியிருந்த தூசியில் வட்ட வட்டமாக அச்சு. அவள் கைத்தடியின் ரப்பர் முனை.