நான் கலைத்த எட்டு வால்வுகள்

அன்புள்ள என்னங்கவுக்கு,

கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான் கூப்பிட்டேன். நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. உங்களிடம் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அது நாலு பேர் காதிலும் விழ வேண்டும் என்பதால்தான் இப்படி ஊர் பார்க்க எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். எந்த மனுஷனாவது காரைப் பாதியில் பிரித்துப் போட்டுவிட்டுச் சாவானா? நம் மகன் பிரபுவைவிட இரண்டு வயது மூத்த வண்டி. விக்கிரவாண்டி டோல்கேட்டில் புகை கக்கிக்கொண்டு நின்றபோதே விற்றுத் தொலைக்கலாம் என்றேன். நீங்கள் கேட்டீர்களா? என்ஜினின் மேல்பாதியைக் கழற்றி, அந்த ஹெட்டைத் திண்டிவனம் லேத் பட்டறைக்குத் தூக்கிப் போய், அடிப்பக்கத்தைச் சமமாகச் சீவி வாங்கி வந்தீர்கள். வந்தது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே கட்டிலில் சாய்ந்தீர்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அழுகை வருவதற்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது.

கூடத்து ஜன்னல் ஓரம் நீங்கள் வைத்திருந்தது ஞாபகம் இருக்கிறதா? யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையோ, கெட்டி அட்டை. அதில் எட்டு ஓட்டை போட்டு எட்டு வால்வுகளையும் வரிசையாகச் சொருகி வைத்திருந்தீர்கள். ஒவ்வொரு ஓட்டைக்கும் பக்கத்தில் பென்சிலால் நம்பர். ஒன்றிலிருந்து எட்டு வரை. பஸ் டெப்போவில் ஃபிட்டராக இருந்த காலத்துப் பழக்கம்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின நாள். கண்டாச்சிபுரத்திலிருந்து உங்கள் சொந்தக்காரர்கள் ஒரு வேன் நிறைய வருகிறார்கள். கூடத்தில் உட்கார இடம் வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? எட்டையும் அட்டையிலிருந்து பிடுங்கினேன். கரி அப்பியிருந்ததே என்று சோப்புத்தூள் போட்டுக் கரண்டி கழுவுகிற மாதிரி தேய்த்துக் கழுவினேன். துடைத்து, எண்ணெய் தடவி, ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கட்டினேன். அட்டையை வெந்நீர் அடுப்பில் போட்டேன். உங்கள் சாமானைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டேன் என்று எனக்கு அன்றைக்கு ஒரு திருப்தி வேறு.

மூன்று மாதம் கழித்துப் பிரபு மறுபடி வந்தான். பொங்கலுக்குள் வண்டி ஓடவில்லை என்றால் காயலான் கடைக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஹெட்டையும் மஞ்சள் பையையும் ஆட்டோவில் ஏற்றி, விழுப்புரத்தில் மெக்கானிக் காதர் பாய் ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். உங்கள் தோஸ்துதானே, முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டார். பையை அவிழ்த்ததும்தான் அவர் முகம் மாறியது.

"இன்னா அண்ணி, எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு வச்சிருக்குது? எது எந்த ஓட்டைன்னு எப்படித் தெரியும்? ஒவ்வொண்ணும் அது அது உட்கார்ற எடத்துக்குத் தேஞ்சிருக்கும். அண்ணனா இவ்ளோ அசால்ட்டா வச்சிட்டுப் போனாரு?"

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. ஷெட்டில் ஐந்தாறு பேர் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். நான் என் சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பழி உங்கள் தலையில் விழுந்தது. செத்தவர் வந்து இல்லை என்று சொல்லவா போகிறார்?

இனி ஒரே வழி, ஒவ்வொரு வால்வையும் ஏதாவதொரு ஓட்டையில் வைத்து, நறநறவென்ற தேய்ப்புப் பசை தடவிக் கையால் தேய்த்துத் தேய்த்து உட்கார வைக்க வேண்டும் என்றார் பாய். அவருக்கு அவ்வளவு நேரம் இல்லை, தோள்பட்டை வலி வேறு. நானே தேய்க்கிறேன் என்றேன். சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். நுனியில் ரப்பர் வைத்த குச்சியைக் கையில் கொடுத்து எப்படி என்று காட்டினார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் சமையலை முடித்துவிட்டு ஷெட்டுக்குப் போனேன். மோர் கடைகிற மாதிரி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அந்தக் குச்சியைத் திருப்ப வேண்டும். பத்து நிமிஷத்தில் தோள் கழன்றுவிடும். உள்ளங்கை கொப்பளித்து, உடைந்து, மறுபடி கொப்பளித்தது. தேய்த்து முடித்து ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, குழியில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்க்க வேண்டும். கீழே கசியாமல் நின்றால் வால்வு உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். எங்கே நிற்கிறது! ஊற்ற ஊற்ற ஒழுகியது. திட்டினேன். வால்வைத் திட்டினேன், உங்களைத் திட்டினேன், அட்டையில் போட்ட நம்பரை இரும்பிலேயே குத்தி வைத்திருக்கக் கூடாதா என்று திட்டினேன். எரித்தவள் நான், திட்டு மட்டும் உங்களுக்கு.

போதாக்குறைக்கு ஹெட்டுக்கு அடியில் வைக்கிற கேஸ்கட் இரண்டு தடவை தப்பாக வந்தது. முதல் தடவை ஓட்டை பொருந்தவில்லை. இரண்டாம் தடவை வேறு ஏதோ வண்டியுடையது. கடைக்காரன் என்னைப் பார்த்து, வீட்டில் ஆம்பளை யாராவது இருந்தால் வரச் சொல்லுங்கள் என்றான். அவனை நான் என்ன கேட்டேன் என்பதை இங்கே எழுத முடியாது.

மூன்று வாரத்தில் ஏழு வால்வுகள் ஒழுகாமல் நின்றன. எட்டாவது மட்டும் சண்டித்தனம். என்ன தேய்த்தாலும் ஒழுகியது. கடைசியில் பாய் தொட்டுப் பார்த்து, வால்வு உட்காருகிற விளிம்பே குழி விழுந்திருக்கிறது, லேத்தில் வெட்டி எடுத்தால்தான் ஆகும் என்றார். மறுபடி திண்டிவனம். போன செவ்வாய்க்கிழமை ஒரு குட்டியானை லோடு வண்டியில் ஹெட்டோடு நானும் ஏறிப் போனேன்.

லேத் கோவிந்தன் உங்களைவிடப் பெரியவர். முதலில் துக்கம் விசாரித்தார். ஹெட்டைத் தடவிப் பார்த்தார். அப்புறம் மெல்ல ஆரம்பித்தார்.

"பாய் போன்ல சொன்னாரும்மா. வால்வையெல்லாம் கலைச்சுப் போட்டுட்டுப் போயிட்டாராமே. அவரு கையில அப்படி ஒரு வேலையான்னு மனசே ஆறல. வயசாயிட்டுது, பாவம், மறதி வந்துக்கினு இருந்திருக்கும்."

பக்கத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். மறதியாம்! உங்களுக்கு! மூன்று வருஷத்துக்கு முந்தைய மின்சார பில்லைக் கேட்டால்கூட எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று சொன்ன மனுஷனுக்கு! விழுப்புரத்தில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றது திண்டிவனம்வரை வந்து, உங்களுக்கு மறதிப் பட்டமும் கட்டிவிட்டது.

"அவரு கலைக்கல. நான்தான் கலைச்சேன்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன், மெஷின் சத்தத்தில் கேட்காமல் போய்விடக் கூடாதே. காரியத்துக்கு வீட்டைச் சுத்தம் செய்தது, கழுவியது, அட்டையை அடுப்பில் போட்டது, ஷெட்டில் ஊமையாக நின்றது எல்லாவற்றையும் கொட்டினேன்.

கோவிந்தன் மெஷினை நிறுத்தினார்.

"அட்டையில நம்பர் போட்டிருந்தாரா?"

"ஒண்ணுலருந்து எட்டு வரைக்கும். பென்சில்ல."

"அதான பார்த்தேன்" என்றார். அவ்வளவுதான். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. காணாமல் போன சாமான் திரும்பக் கிடைத்த மாதிரி அவர் முகம் தெளிந்தது. அதைப் பார்த்துத்தான் நான் உடைந்துபோனேன். நீங்கள் போன அன்றுகூட அப்படி அழவில்லை. இத்தனை நாளாக அந்த மனுஷர் உங்களைப் பற்றி மனசு கேட்காமல் இருந்திருக்கிறார். ஒரு வரியில் தீர்த்திருக்க வேண்டியதை நான் வாய்க்குள் போட்டு மென்றுகொண்டிருந்தேன்.

அவரே பாய்க்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தார். அவருக்கும் முழுக்கச் சொன்னேன்.

"நாலு எடத்துல சொல்லிட்டேனே அண்ணி" என்றார். "அவங்ககிட்டல்லாம் போய் நானே மாத்திச் சொல்லிக்கிறேன், அது பேஜாரு இல்ல. அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றது?"

அதற்குத்தான் இந்தக் கடிதம். அவர் மன்னிப்பையும் என்னுடையதையும் சேர்த்தே எழுதிவிட்டேன். வந்து சேருகிறதா?

இனி உங்கள் சாமான் எதையும் உங்களைக் கேட்காமல் தொட மாட்டேன் என்று சொல்லலாம். கேட்க நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? அதனால் இப்படிச் சொல்கிறேன். ஹெட்டை மாட்டுகிற அன்றைக்கு வண்டி உறுமினாலும் சரி, உறுமாமல் காயலான் கடைக்கே போனாலும் சரி, பழுது எப்படி வந்தது என்று கேட்கிறவர்களிடமெல்லாம் அவர் ஒழுங்காகத்தான் வைத்துவிட்டுப் போனார், கலைத்தது நான் என்று சொல்வேன். பிரபுவிடம்தான் முதலில்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி விஜயா