கண்ணாடிப் பெட்டிக்குள் நீ பார்த்துவைத்த ஹெலிகாப்டர்

மேலுலகத்தில் சுகமாக இருக்கும், இருந்தே ஆகவேண்டிய, என் செல்ல மாப்பிள்ளை செல்வத்துக்கு,

மல்காஜ்கிரியில் உன் வீட்டு சோபாவில், உன் இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு உன் மச்சான் எழுதுகிறேன். அந்த இடம் உன் உடம்புக்குப் பள்ளமாகிக் கிடக்கிறது. என் உடம்பு அதற்குள் அடங்கமாட்டேன் என்கிறது. வேறு வழியில்லை. வீட்டில் மற்ற இடமெல்லாம் ஹெலிகாப்டர் இறங்கும் தளமாகிவிட்டது.

ஆமாம், நீ அலமாரி மேலே அட்டைப் பெட்டியில் வைத்துவிட்டுப் போன, ரிமோட்டில் ஓடும் அந்தக் குட்டி பொம்மைதான். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு விசிறி எதிரெதிராகச் சுற்றுமே, கையை எடுத்தாலும் அந்தரத்தில் சாதுவாக நிற்குமே, அது. அதை இப்போது உன் பெண்டாட்டி ஓட்டுகிறாள். என் தங்கச்சி மல்லிகா. மிக்சி போட்டாலே காதைப் பொத்திக்கொள்கிறவள்!

நீ ஆபீஸ் மாடிப்படியில் விழுந்தாய். எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் தெருமுனைக் காய்கறி வண்டியைத் தாண்டி ஒரு அடி வைக்கவில்லை, மாப்பிள்ளை. உன் மகள் காவ்யா கொண்டாப்பூரிலிருந்து காரோடு வந்து கூப்பிட்டாள். நான் மதுரையிலிருந்து ரயிலேறி வந்து, கோமாளித்தனம் அத்தனையும் செய்து பார்த்தேன். ம்ஹூம். ஒருநாள் அந்தக் குட்டியை யாருக்காவது கொடுத்துவிடலாம், அதற்குமுன் ஓடுகிறதா பார்ப்போம் என்று சார்ஜ் போட்டிருக்கிறாள். அது எழும்பியது, ஃபேனோடு மூன்றாம் உலகப் போர் நடத்தியது, ஹாலில் நான் ஊறவைத்திருந்த அரிசிக்குள் விழுந்து மூழ்கியது. சமையலறையில் நின்ற நான் அது விழுந்ததைப் பார்க்கவில்லை. ஹாலிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. இந்த வீட்டில் அந்தச் சத்தத்தை நான் மறந்தே போயிருந்தேன்.

இப்போது அவள் அதை ஃப்ரிட்ஜ் மேல் இறக்குகிறாள். டிவி மேல் இறக்குகிறாள். நீ ஓட்டின காலத்தில் அது ஒழுங்காக இறங்கிய ஒரே இடம் உன் தலை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

பிறகு ஒரு காலையில், தோசை திருப்பிக்கொண்டே சொன்னாள்: “அண்ணே, இது வீட்டுக்குள்ள மட்டுந்தான் ஓடும். லேசாக் காத்தடிச்சா இழுத்துட்டுப் போயிருது. அடுத்தது வாங்கணும்ணே.”

அடுத்தது! அந்த ஒரு சொல்லில் என் நிம்மதி போயிற்று. அன்று தொடங்கிய அருவருப்பு இன்னும் நிற்கவில்லை.

முதலில் வீடியோக்கள். உலகத்தில் இத்தனை பேர் வேலைவெட்டி இல்லாமல் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஒருவன், பெரியதை வாங்கு, எடுத்தவுடன் பெரியதை வாங்கு, இல்லாவிட்டால் நீ மனிதப் பிறவியே இல்லை என்கிறான். அடுத்தவன், வாங்கவே வாங்காதே, ஆயுசு முழுக்கக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பழகு என்கிறான். மூன்றாமவன் ஹெலிகாப்டரைப் பற்றி வாயே திறக்காமல் தன் தாடியைக் காட்டிக்கொண்டிருக்கிறான். பெட்டிகளைப் பார்த்தால் அத்தனையிலும் ‘புதியவர்களுக்கு ஏற்றது’ என்று போட்டிருக்கிறது. ஏவுகணையைப் பெட்டியில் அடைத்து விற்றாலும் அதை அச்சடிப்பார்கள். சீ!

சரி, நீ போய்வந்த செகந்திராபாத் கடைக்கே போவோம் என்று அவளைக் கூட்டிப்போனேன். அவள் கிளம்பி வந்ததே பெரிய விஷயம். கடைக்காரரை உனக்குத் தெரியும். நாலு தலைமுறைக்கு முன் நம் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், அரைப்படி தமிழும் அரைப்படி உருதுவும் கலந்து ஊற்றுகிற ஆசாமி. மல்லிகா சின்னதாக ஒன்றைக் கையில் எடுத்ததுதான் தாமதம், பாய்ந்து வந்தார்.

“நக்கோ மேடம், வேண்டாம், நக்கோ! அத கைக்கு, எதுக்குப் பாக்கறீங்க? அது பச்சா சாமான், கொழந்தைங்க வெளையாடறது. சார் பாத்து வெச்சது இங்க இருக்கு பாருங்க.”

கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். என் கை நீளத்துக்கு ஒரு கறுப்பு ராட்சசன். உடம்பெல்லாம் உலோகம், பனைமட்டை மாதிரி இறக்கை, மூக்கில் தீ ஜுவாலை வரைந்த கூண்டு. வாரத்துக்கு ஒருமுறை ஆபீஸ் விட்டு நேரே வந்து அதன் முன்னால் நின்றுவிட்டுப் போவாயாமே? நிஜமா மாப்பிள்ளை? எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னாயா?

“ஹவ் மேடம், ஆமா, சார் இத ரொம்ப ஆசப்பட்டாரு. நீங்க எடுத்துட்டீங்கன்னா சார் ஆத்மா சாந்தியாயிரும்.”

ஆத்மா சாந்தியாம்! பேட்டரியும் சார்ஜரும் தனியாம், ஆத்மா சாந்தி மட்டும் இலவசமாம். அருவருப்பு என்றால் என்ன என்று குழந்தைகளுக்குப் பாடம் நடத்தவேண்டுமானால் அந்த மனிதரின் முகத்தை அந்த நேரத்தில் படம் எடுத்துப் புத்தகத்தில் போடலாம். நான் வாயைத் திறப்பதற்குள் மல்லிகா கையிலிருந்த சின்னதைக் கீழே வைத்துவிட்டாள். கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் வாங்காமல் திரும்பினோம்.

அன்றிலிருந்து வீட்டில் குட்டி பறக்கவில்லை. சார்ஜ் போடாமல் டிவி மேலேயே கிடந்தது. கேட்டால், “அவரு ஆசைப்பட்டது அங்க இருக்கும்போது நான் வேற ஒண்ண வாங்கினா நல்லாவா இருக்கும்?” என்றாள். சரி, அப்போ அதையே வாங்கேன் என்றால் கூடையை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவாள். மறுபடியும் காய்கறி வண்டி, வீடு, காய்கறி வண்டி, வீடு. எந்தப் பொறி பட்டு எழுந்தாளோ அதே பொறியை வைத்து அவளை உட்காரவைத்துவிட்டானே அந்தக் கடைக்காரப் பாவி!

உன் மகளுக்கு ஃபோன் போட்டேன். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வது அவள் பிறவிக் குணம். “மாமா, ஜஸ்ட் கெட் தி ஒன் டாடி வாண்ட்டட். அம்மாவுக்கு ஒரு க்ளோஷர் கிடைக்கும்.”

“க்ளோஷர் கடைக்குப் போடுறதுடி. உங்கம்மாவுக்கு எதுக்கு?” என்று வைத்துவிட்டேன்.

ஏன் இந்தக் கிழவன் இப்படிக் குதிக்கிறான் என்று நினைப்பாய். கேள். உன் ராட்சசன் லேசுப்பட்டவன் இல்லை. அவனுடைய இறக்கை சுற்றும்போதே சாய்வை மாற்றிக்கொள்ளும். தெரிந்தவன் கையில் அது தலைகீழாகக்கூடப் பறக்கும். தெரியாதவன் கையில் விர்ரென்று கிளம்பி, ஒரு புரளல் புரண்டு, பூமிக்குள் போய்ப் புதைந்துகொள்ளும். குட்டியிலிருந்து நேரே அதற்குப் போவது, மூன்று சக்கர சைக்கிளிலிருந்து இறங்கி ரயில் எஞ்சினில் ஏறுவது மாதிரி. உனக்கே குட்டியை நேராக இறக்கத் தெரியாது. அப்புறம் எந்த தைரியத்தில் அதன்மேல் கண்ணை வைத்தாய்? கேட்கிறேன், பதில் வராது என்று தெரிந்தே கேட்கிறேன்.

கடைசியில் நானே ஒரு ஆளைப் பிடித்தேன். நர்சிங் என்று பெயர். கல்யாணங்களுக்கு ட்ரோன் விட்டுப் படம் எடுக்கிறவர், ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டான்செரு தாண்டி ஒரு பொட்டலில் ஹெலிகாப்டர் விடுகிறவர். வாங்குமுன் என்னுடையதை ஓட்டிப் பாருங்கள் என்று கூப்பிட்டார். மல்லிகா வரமாட்டேன் என்றாள். “நீ வராட்டி நான் போய் ஓட்டுறேன், எவன் மண்டையாவது உடைஞ்சா நீ பொறுப்பு” என்றேன். உடனே செருப்பை மாட்டினாள்.

அந்தப் பொட்டலைப் பற்றி என்ன சொல்ல! ஃபாக்டரிக் காற்றில் மருந்துக் கடையையும் அழுகின முட்டையையும் சேர்த்து வேகவைத்த வாசனை. அதை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியும் ராணுவப் பேண்ட்டுமாக ஒரு கூட்டம். ஒவ்வொருவனும் போர்முனையிலிருந்து லீவில் வந்த தளபதி மாதிரி நிற்கிறான். நர்சிங் கழுத்தில் நாய்ச் சங்கிலி கனத்துக்கு ஒரு தங்கச் சங்கிலி. மனிதர் பரவாயில்லை, சங்கிலிதான் சகிக்கவில்லை.

அவர் கொடுத்தது நடுத்தரமான ஒன்று. மேலே ஒரே விசிறி, வாலில் சின்னதாக இன்னொன்று. இறக்கையின் சாய்வு மாறாது, அதனால் தலைகீழ் வித்தையெல்லாம் கிடையாது. ஆனால் சின்னக் காற்றுக்கு அசராது. காலுக்கடியில் குறுக்குக் கம்பிகள் கட்டி, நுனியில் பிளாஸ்டிக் பந்து மாட்டியிருந்தார், கவிழாமல் இருக்க. மல்லிகா வாலைத் தன் பக்கம் வைத்துத் தூக்கினாள். நின்றது. அழகாக நின்றது, மாப்பிள்ளை. அங்கிட்டு ஒரு சுற்று, இங்கிட்டு ஒரு சுற்று.

பிறகு நர்சிங் அதன் மூக்கை அவள் பக்கம் திருப்பச் சொன்னார். அங்கேதான் சனியன். மூக்கு நம்மைப் பார்த்தால் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பது போல இடம்வலம் மாறிவிடும். அது வலப்பக்கம் நழுவினால், ரிமோட் குச்சியையும் வலப்பக்கமே தள்ளவேண்டும். கை இடப்பக்கம்தான் போகும். நழுவியது. நேரே தளபதிகளின் மோட்டார் சைக்கிள் வரிசையைப் பார்த்து.

“குடி! குடி! அம்மா, குடி!” என்று நர்சிங் அலறினார்.

ஹெலிகாப்டர் வண்டிகள் மேல் விழப்போகிறது, மனிதன் குடிக்கச் சொல்கிறான்! சரி, மயக்கம் வருகிற மாதிரி அவள் முகம் தெரிந்திருக்கும், தெரிந்தவர் சொன்னால் காரணம் இருக்கும் என்று, தண்ணீர் பாட்டிலைத் திறந்து தங்கச்சி வாயில் வைத்தேன். பாதி வாயிலும் பாதி ரிமோட்டிலும் போயிற்று. ஹெலிகாப்டர் முள்ளுச்செடிக்குள் போயிற்று.

“என்னண்ணே பண்றீங்க!”

“அவர்தான குடி குடின்னாரு!”

“தெலுங்குல குடின்னா வலதுண்ணே! வலப்பக்கம் தள்ளச் சொன்னாரு! இத்தன தடவ இந்த ஊருக்கு வந்து என்னத்தக் கத்துக்கிட்டீங்க?”

ஒரு மொழியில் வலப்பக்கத்துக்கு அப்படிப் பெயர் வைத்தால் அது என் குற்றமா? தளபதிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். அதில் ஒருவன், “மாமா, நாக்கூட கொஞ்சம்” என்று, தனக்கும் ஊற்றச் சொல்லி, பாட்டிலைக் காட்டி வாயைத் திறந்தான். அந்த வாயை ஆயுசுக்கும் மறக்கமாட்டேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. முள்ளிலிருந்து எடுத்துவந்தபோது இறக்கை ஒன்று முறிந்திருந்தது. மல்லிகா முகம் வெளுத்து நின்றாள். நர்சிங் சட்டைப்பையிலிருந்து இன்னொரு இறக்கையை எடுத்தார், நகவெட்டி மாதிரி ஒரு திருப்புளியை எடுத்தார், ரிமோட்டை லுங்கி மாதிரி உதறினார். டீ ஆறுவதற்குள் மாட்டிக் கையில் கொடுத்துவிட்டார். “ஹோகயா. சலாவ் அம்மா.” ஆயிற்று, ஓட்டுங்கள், அவ்வளவுதான். அவள் புது இறக்கையை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு மறுபடி தூக்கினாள். மறுபடி விழுந்தது. மறுபடி தூக்கினாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வெயிலில் முகம் கறுத்து, அந்தக் கெட்ட காற்றில் நின்றுகொண்டு, சிரித்தாள்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்:

“அண்ணே, இது விழுந்தா எடுத்து மாட்டிக்கலாம். அவரு ஆசைப்பட்டதை வாங்கி, அது கீழ விழுந்துச்சுன்னா, அவரே ரெண்டாவது தடவ விழுந்த மாதிரி இருக்கும்ணே. என்னால அதப் பாக்க முடியாது.”

இத்தனை நாள் இறக்கைச் சாய்வு, ரயில் எஞ்சின் என்று எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்தேன். அவளுக்கு பயம் இறக்கையைப் பற்றி இல்லை. இதைக் கடைக்காரன் கேட்டானா? உன் மகள் கேட்டாளா? நான்தான் கேட்டேனா?

மறுநாளே கடைக்குப் போனோம். நர்சிங்கிடம் இருந்த அதே வகையைக் கேட்டாள். கூடவே இறக்கை நாலு ஜோடி, வால் விசிறி, அந்தப் பந்துக் கம்பி. “ஸ்பேர் இல்லாட்டி வேண்டாம்” என்று வேறு கறாராகச் சொன்னாள். கடைக்காரர் விடவில்லை.

“ஸோச்லோ மேடம், யோசிங்க. சாருக்காக நான் வெச்சிருக்கேன்...”

“சாருக்கு வெக்க வேண்டாங்க. ஓட்டத் தெரிஞ்சவங்க யாராச்சும் வந்தா குடுத்துருங்க. அது சும்மா உக்காந்திருக்க வேண்டாம்.”

அப்படியே சொன்னாள். உன் ஆசையை அவள் விட்டுக்கொடுத்தாள் என்று நினைத்துக்கொள்ளாதே. அதை உடையாமல் உன்னிடமே அனுப்பிவைத்துவிட்டாள். அங்கே உனக்கு இடம் நிறைய, காற்றும் சுத்தம், மோட்டார் சைக்கிள்களும் கிடையாது. தைரியமாகத் தலைகீழாக விட்டுப் பார்.

இந்த உலகத்தின் மேல் என் அருவருப்பு அப்படியேதான் இருக்கிறது. ஆத்மா சாந்தி விற்கிறவனை மன்னிக்க இன்னும் ஏழு பிறவி வேண்டும். தாடிக்காரனுக்கு எட்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் என் தங்கச்சி எனக்கு முன்னால் குளித்துக் கிளம்பி, “அண்ணே, நேரமாச்சு, காத்து கெளம்பிரும்” என்று வாசலில் நின்று கத்துகிறாள். அதைக் கேட்பதற்காக நான் மதுரைக்கு டிக்கெட் போடாமல் இருக்கிறேன்.

ஒரு சத்தியம் செய்துதருகிறேன், மாப்பிள்ளை. அது எத்தனை தடவை விழுந்தாலும் சரி, முள்ளில், சேற்றில், தளபதிகளின் தலையில் எங்கே விழுந்தாலும் சரி, நான்தான் ஓடிப்போய் எடுத்துவருவேன். என் முட்டி ரெண்டும் கழன்று போகட்டும். அவள் நின்ற இடத்திலேயே நிற்கட்டும். குனியவேண்டியதில்லை.

அவளுக்காக விழுந்ததைப் பொறுக்குகிற வேலையை ஏற்றுக்கொண்ட,
உன் பெண்டாட்டிக்கு அண்ணன், உனக்கு என்றைக்கும் மச்சான்,
சோமு