வேட்டுக்குப் பின்னால் வரும் சீர்

மச்சான்,

காலையில் தெருவில் லாரி ஒன்று போனது. அடுப்படி அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. முன்பெல்லாம் இந்தச் சத்தம் கேட்டால் நீங்கள் பேச்சை நிறுத்திக் காது கொடுப்பீர்கள். பிறகு "லாரிதான்" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வீர்கள். இன்று அதை நானே சொல்லிக்கொண்டேன்.

நிலநடுக்கமானி இருந்த அலுவலகத்தில் உங்களுக்கு வேலை. உங்களைக் கேலி செய்வது எனக்கு வேலை. "மதுரையில ஆடுறது சாமியாடி மட்டுந்தான். ஆடாத ஊருக்கு எதுக்கு மச்சான் அளவு?" என்பேன். "எங்க ஆடுனாலும் என் ஊசிக்குத் தெரியும் மாப்ள" என்பீர்கள். மழைக்கு உப்பிய எங்கள் கொல்லைக் கதவைத்தான் உதாரணம் காட்டுவீர்கள். தள்ளத் தள்ள அசையாது, பிறகு சட்டென்று விடுபட்டுச் சுவரே அதிரும். பூமிக்குள் பாறைகளும் அப்படித்தான் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வெகுகாலம் நிற்கின்றன என்பீர்கள். வில்லாபுரத்தில் நான் வீடு கட்டியபோதும் விடவில்லை. "கண்மாயத் தூத்த இடத்துல கட்டுற. ஆடுனா இந்த மண்ணு களி மாதிரி குலுங்கும். கீழக்குயில்குடிப் பாறை தேவலை" என்றீர்கள். திட்டிக்கொண்டேதான் கூடுதலாகக் கம்பி போட்டேன்.

பாப்பாவின் காதுகுத்து நினைவிருக்கிறதா? தாய்மாமன் நான். சீர் வருவதைச் சொல்லித் தெருமுனையில் வேட்டுப் போட்டதும் மண்டபமே வாசலுக்கு ஓடியதாம். நீங்கள் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தீர்களாம். மேளதாளத்தோடு, சீர்த்தட்டுகளோடு நாங்கள் உள்ளே நுழைந்தபோது அக்கா உங்களைத் திட்டிக்கொண்டிருந்தது. நீங்கள் என்னைப் பார்த்து, "வேட்டுச் சத்தம் எப்பவோ வந்துருச்சு, நீ இப்பத்தான் வார. நடுவுல எம்புட்டு நேரமோ அம்புட்டுத் தூரம்" என்றீர்கள்.

பூமி அதிர்வுக்கும் அதே கணக்குதான் என்று பந்தியில் விளக்கினீர்கள். முதல் அலை வேட்டு மாதிரி வேகமாக ஓடி வந்து லேசாக அசைக்கும். பின்னால் சீர் மாதிரி மெதுவாக வருவதுதான் சுவரைத் தள்ளும். ரிக்டர் என்பது மொத்தத்தில் எத்தனை சீர்த்தட்டு கிளம்பியது என்கிற கணக்கு, அது எல்லா ஊருக்கும் ஒன்றுதான். மேளம் யார் காதைக் கிழிக்கிறது, யாருக்குத் தூக்கம்கூடக் கலையவில்லை என்பது இடத்துக்கு இடம் வேறு. எனக்கு அன்றுதான் புரிந்தது. வெளியே சொல்லவில்லை.

பாப்பா வேலைக்கென்று ஜப்பான் கிளம்பியபோது நீங்கள் சொன்ன புத்திமதி ஒன்றுதான். "வேட்டுக் கேட்டதும் மேசைக்கடியில போயிரு. சீரை வேடிக்கை பாக்க நிக்காத."

அப்புறம் ஒருநாள் அங்கே பூமி ஆடியது. டிவியில் கட்டடங்கள் சாய்ந்து கிடந்தன. அவள் போன் கிடைக்கவில்லை. உங்கள் முகத்தில் பயத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான். செல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். மணி அடித்ததும் அக்கா பிடுங்கிக் காதில் வைத்தது. ஒரே இரைச்சல், அதோடு துண்டித்துப் போனது. "யாரோ என்னமோ சொல்றாக... வேட்டுங்குறாக" என்று அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. நம் ஊரில் சீருக்கும் வேட்டு, சாவுக்கும் வேட்டு. அக்காவுக்குச் சாவு வேட்டுதான் கேட்டது.

நீங்கள் சிரித்தீர்கள், கண்ணில் தண்ணீர் வழிய. "அடியே, நம்ம பிள்ளைதாண்டி. அந்த ஊர்ல வேட்டுன்னு வேற எவ சொல்லுவா?"

மறுபடி மணி அடித்தது. "வேட்டுக் கேட்டுச்சுப்பா, மேசைக்கடியில போயிட்டேன். அப்புறந்தான் சீர் வந்துச்சு" என்றாள். நீங்கள் குரலைச் சரிசெய்துகொண்டு, "எத்தனை தட்டும்மா?" என்று கேட்டீர்கள்.

உங்கள் கடைசி ஊர்வலத்திலும் தெருமுனையில் வேட்டுப் போட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. ஜப்பானிலிருந்து வந்திருந்த பாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த வேட்டுக்குப் பின்னால என்ன மாமா வரும்?" என்றாள். அதற்கப்புறம் பல நாள் அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

போன வாரம் அங்கே மறுபடி ஆடியிருக்கிறது. செய்தி வருவதற்கு முன்பே என் போன் அடித்தது. "வேட்டுக் கேட்டுச்சு மாமா. சீரும் வந்துட்டுப் போயிருச்சு. நான் நல்லாருக்கேன்" என்றாள். உங்களைப் போலவே, "எத்தனை தட்டும்மா?" என்று கேட்டேன். சிரித்தாள், பிறகு அழுதாள். அவளாக வைக்கும்வரை நான் போனை வைக்கவில்லை.

அன்று அவள் கேட்டதற்கு இப்போதுதான் பதில் தெரிகிறது மச்சான். வேட்டுக்குப் பின்னால் தாய்மாமன் வருவான்.