அப்பாவின் மனுவில் இருபத்தொரு கையெழுத்து

மார்ச் 23, 1997, ஞாயிறு

வீடு முழுக்க வடை வாசனை. பள்ளி வாரியத் தேர்தலில் இரண்டு முறை தோற்று மூன்றாவது முறை ஜெயித்த அப்பா, இப்போது நியூஜெர்சி சட்டமன்றத்துக்கு நிற்கிறார். கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவுசெய்ய ஜூனில் கட்சிக்குள்ளேயே முதல் தேர்தல். பன்னிரண்டு வருடமாக உறுப்பினராக இருக்கும் ஹாலோரனை எதிர்த்து. வாக்குச்சீட்டில் பெயர் வர வேண்டுமானால் தொகுதி வாக்காளர்கள் நூறு பேர் மனுவில் கையெழுத்திட வேண்டும். அதற்காகத்தான் எங்கள் ஊர் பிஸ்கட்டவேயில் தெரிந்த தமிழ்க் குடும்பங்களையெல்லாம் இன்று கூப்பிட்டிருந்தோம்.

என் எழுத்து மணிமணியாக இருக்கும் என்று அப்பா முகவரிகளை என்னை எழுதச் சொன்னார். கோபாலசாமி அங்கிள் தன் வரியில் கையெழுத்திட்டார். அடுத்த வரியில் ருக்மிணி ஆன்ட்டிக்கும் அவரே போட்டார். ஆன்ட்டி பத்தடி தள்ளி, அம்மாவோடு வடை தட்டிக்கொண்டிருந்தார். அவரவர்தான் போட வேண்டும் என்று விதித்தாளில் இருக்கிறது என்றேன்.

“டாக்ஸ் ஃபார்ம்லயே பதினெட்டு வருஷமா அவளுக்கும் நான்தாம்மா சைன் பண்றேன். கவர்ன்மென்ட்டே கேக்கல. நீ கேக்கறியா?”

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும். பிறகு வந்த அங்கிள்களும் அப்படியே செய்தார்கள். நான் முகவரிகளை எழுதினேன்.

ஏப்ரல் 10

மனு கொடுத்தாகிவிட்டது. நூற்றுப் பதினெட்டு கையெழுத்து. கடைசிப் பக்கத்தில், “எல்லாரும் என் கண்முன்னால்தான் கையெழுத்திட்டார்கள்” என்ற உறுதிமொழி. அதன் கீழே அப்பாவின் கையெழுத்து.

ஏப்ரல் 14

வருடப் பிறப்பு. பாயசம். அப்பா தொடவில்லை. ஹாலோரன் ஆட்கள் மனுவை எதிர்த்திருக்கிறார்கள். இருபத்தொரு பெண்களின் கையெழுத்து அவர்கள் கணவர்களுடைய கையெழுத்துப் போலவே இருக்கிறதாம். அவற்றை அடித்துவிட்டால் மிஞ்சுவது தொண்ணூற்றேழு.

ஏப்ரல் 17

மாநிலத் தலைநகர் ட்ரென்டனில் விசாரணை. “சிவிக்ஸ் புக்ல படிக்கறத நேர்ல பாரு” என்று அப்பாதான் லீவு போடச் சொல்லி அழைத்துப் போனார். நோட்டும் பேனாவும் எடுத்துப் போயிருந்தேன்.

அந்தப் பெண்கள் எல்லாரும் அன்று எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள் என்றார் அப்பா. அது உண்மைதான். எதிர்த்தரப்பு வக்கீல், முகவரிகள் யார் எழுதியவை என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார்.

என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். திருமதி கோபாலசாமி கையெழுத்திட்டதை நீ பார்த்தாயா? இல்லை, ஆன்ட்டி சமையலறையில் இருந்தார். திருமதி சேனாபதி? இல்லை. வக்கீல் ஒவ்வொரு பெயராக வாசித்தார். இருபத்தொரு இல்லை. ஸ்பெல்லிங் போட்டியில் நிற்பதுபோல் தெளிவாகத்தான் பேசினேன்.



ஏப்ரல் 18

தொண்ணூற்றேழு. அப்பா பெயர் வாக்குச்சீட்டில் வராது.

ஏப்ரல் 27

அப்பா என்னிடம் பேசுவதில்லை. “அவள சாப்பிடச் சொல்லு” என்று அம்மாவிடம் சொல்கிறார். நான் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பொய் சொல்லியிருக்கணுமா என்று அம்மாவைக் கேட்டேன். துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: “பொய் யாருடி சொல்லச் சொன்னா? ஞாபகமில்லன்னு சொல்லியிருக்கலாமில்ல?”

ஞாபகம் இருந்ததே. எல்லாமே இருந்ததே. என்ன செய்வது?

அழுகை வரும் என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டேன். வரவில்லை. கெமிஸ்ட்ரி வீட்டுப்பாடத்தை முடித்தேன்.

ஜூன் 3

கட்சித் தேர்தல். ஹாலோரனுக்குப் போட்டியே இல்லை. அப்பா ஓட்டுப் போடப் போகவில்லை. புல் வெட்டினார். முன்பக்கம் முடித்துப் பின்பக்கமும்.

ஆகஸ்ட் 9

நூலகத்தில் பதினொரு புத்தகம் எடுத்தேன். எதுவும் ஓடவில்லை.

நவம்பர் 1, சனி

தமிழ்ச் சங்கத்தின் தீபாவளி விழா. செவ்வாய்க்கிழமை பொதுத்தேர்தல் என்பதால் ஹாலோரனும் வந்திருந்தார். பொன்னாடை போர்த்த அப்பாவைக் கூப்பிட்டார்கள். போர்த்தினார். இருவரும் கைகுலுக்கிக்கொண்டு போட்டோவுக்கு நின்றார்கள்.

விசாரணைக்கு வந்து உட்கார்ந்திருந்த ஹாலோரன் என்னை அடையாளம் கண்டுகொண்டார். அப்பா என் தோளில் கை வைத்து, “மை டாட்டர். வெரி ஆனஸ்ட் கேர்ள்” என்றார். ஹாலோரன் தலையாட்டிச் சிரித்தார். அவர் நகர்ந்ததும் அப்பா கையை எடுத்துக்கொண்டார்.

அம்மா பாத்திரங்களுக்காகப் பின்தங்கிவிட்டாள். காரில் நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டாவது சிக்னலில் அப்பா கேட்டார்: “பசிக்குதா?”

ஏப்ரலுக்குப் பிறகு என்னிடமே கேட்ட முதல் கேள்வி. காலையிலிருந்து நான் ஒன்றுமே சாப்பிட்டிருக்கவில்லை.

“இல்லப்பா” என்றேன்.