முப்பத்திரண்டாம் நாள் கட்டு

மட்டாஞ்சேரி,
12-7-1983, செவ்வாய்

சிரஞ்சீவி வெங்கிட்டுவுக்கு அப்பாவின் அநேக ஆசீர்வாதம். இங்கு நானும் உன் அம்மாவும் க்ஷேமம், அங்கு நீயும் க்ஷேமமாக இருக்கப் பகவதி துணை. இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று உன் அம்மா ஒரு மாதமாகப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறாள், போன நான்கு கடிதங்களிலும் அப்படியே எழுதி அத்துடன் நிறுத்திக்கொண்டேன். இதை ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிறேன். முதல் வரியை வழக்கத்துக்காக வைத்திருக்கிறேன், அதை நம்ப வேண்டாம்.

மாசி மாதத்தில் எர்ணாகுளத்தில் அம்மாவை டாக்டரிடம் காட்டியதும், ரத்தத்தில் சர்க்கரை அதிகம், தினம் இரண்டு மாத்திரை, சோற்றைக் குறைக்க வேண்டும் என்று அவர் சொன்னதும் உனக்குத் தெரியும். அம்மா ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறாள் என்று நான் எழுதியது வைகாசி வரைக்கும் உண்மை. அதற்குள் கெண்டைக்காலில் கறுப்பாகத் திட்டுத்திட்டாக அரிப்பும், உள்ளங்காலில் மிளகாய் அரைத்துப் பூசினாற்போல எரிச்சலும் வந்தது. அரிப்புக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினாள், தேங்காயெண்ணெய் தடவினாள், அதில் கொஞ்சம் குணம் இருந்தது, நான் மறுக்கவில்லை. வறண்ட தோலுக்கு எண்ணெய் நல்லது என்பதற்கு வைத்தியர் தேவையில்லை. ஆனால் எரிச்சலுக்கு என்ன செய்வது என்று கேட்டபோது அடுத்த வீட்டுக் கமலாக்ஷி, பள்ளுருத்தியில் பிச்சை என்று ஒருவர் இருப்பதாகச் சொன்னாள். அவர் எண்ணெய் மில்லில் வேலை பார்த்தவர், மில் மூடிய மறுநாளிலிருந்து வைத்தியர்.

அவர் கொடுப்பது ஒரு பொடி. அதைத் துணியில் முடிந்து படுக்கப் போகும்போது இரண்டு உள்ளங்காலிலும் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டும்போது பொடி சாம்பல் நிறம், காலையில் அவிழ்த்தால் கன்னங்கரேல் என்று இருக்கும். உடம்பிலுள்ள கெட்டதெல்லாம் கால் வழியாக இறங்கிவிட்டது என்று அர்த்தம். நாற்பத்தொரு நாள் கட்டினால் உடம்பில் ஒன்றும் மிச்சமிருக்காதாம், இந்த ஒரு விஷயத்தில் நான் அவரோடு ஒத்துப்போகிறேன். முதல் நாள் காலையில் கறுத்த துணியைக் கையில் பிடித்துக்கொண்டு உன் அம்மா என்னிடம் கேட்டாள், "மூணு மாசமா மாத்திரை முழுங்கறேனே, ஒரு நாளாவது இத்தனை வெளியிலே வந்துதா, நீங்களே சொல்லுங்கோ" என்று. மாத்திரை சத்தமில்லாமல் வேலை செய்கிறது, அதுதான் அதன் குற்றம். அன்றோடு மாத்திரை நின்றது. மதில் மேல் தினம் காலையில் துணிகள் காயும், அக்கம்பக்கத்தில் யாருடைய கட்டு அதிகக் கறுப்பு என்று பெண்கள் பார்த்துப் பேசுவார்கள். உன் அம்மாவுக்குத்தான் எப்போதும் முதலிடம்.

நான் முப்பது வருஷமாக மிளகு மூட்டையில் கம்பியைக் குத்திச் சாம்பிள் எடுத்துப் பார்க்கிறவன், பார்த்ததும் நம்புகிற பழக்கம் இல்லை. பொடியை நாக்கில் வைத்துப் பார்த்தேன், துவர்ப்பு. கடுக்காயும் அன்னபேதியும். நாங்கள் பள்ளிக்கூடத்தில் மசி காய்ச்சியது இந்த இரண்டையும் வைத்துத்தான், ஈரம் பட்டால் கறுக்கும். வேர்வையும் ஈரம்தானே. இந்த ஒரு வாக்கியத்தை அந்தப் பொடியைத் தண்ணீரில் கரைத்துத் தொட்டு எழுதியிருக்கிறேன், உன் அம்மாவின் காலிலிருந்து இறங்கும் விஷம் எவ்வளவு தெளிவாக எழுதுகிறது பார். வாயால் சொன்னால் கேட்க மாட்டார்கள் என்று எட்டாம் நாள் ஒரு கட்டை நனைத்து மேசைக் காலில் கட்டி வைத்தேன். காலையில் அதுவும் கறுத்திருந்தது. கமலாக்ஷியையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் சற்று நேரம் பார்த்துவிட்டு, "பாத்தேளா மாமா, மரத்திலேந்துகூட இழுக்கறது. பழைய மேசையல்லே, எத்தனை காலத்து அழுக்கோ" என்றாள். உன் அம்மா அன்று முதல் அந்த மேசையில் சாப்பாட்டுப் பாத்திரம் வைப்பதில்லை. செய்தி பள்ளுருத்தி வரை போய், வைத்தியருக்குக் கூட்டம் இரண்டு மடங்காகிவிட்டது. அவர் எனக்கு நன்றி சொல்லி அனுப்பினார்.

பன்னிரண்டாம் நாள் எரிச்சல் நின்றுவிட்டது என்று உன் அம்மா பாயசம் வைத்தாள். எனக்குப் பயம் அங்கேதான் ஆரம்பித்தது, ஏனென்றால் பின்னால் கால் எரிந்து அந்த எரிச்சல் தானாகப் போனால் சந்தோஷப்படாதீர்கள், உணர்ச்சி போயிருக்கும் என்று அந்த டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அவள் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டு கமலாக்ஷி மருமகளின் குறைகளைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் பேனா முனையால் அவள் இடது கால் சுண்டுவிரலைக் குத்தினேன். அழுத்தியே குத்தினேன். அவள் குறைகளைச் சொல்லி முடித்தாள், காயையும் நறுக்கி முடித்தாள்.

அவளால் குனிய முடியாது என்பதால் கட்டுவது நான்தான். பதினைந்தாம் நாள் அந்தச் சுண்டுவிரலின் கீழே ஒரு கொப்புளம் இருந்தது. டாக்டரிடம் போகலாம் என்றேன், ஆட்டோவையும் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். விஷம் வெளியே வர ஒரு வாய் திறந்திருக்கிறது, அதை டாக்டர் மூடிவிடுவார், நாற்பத்தொரு நாள் மண்டலம் முடியாமல் அசைய மாட்டேன் என்றாள். வைத்தியர் சொல்லியனுப்பிய வார்த்தைகள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற பழக்கம் நம் வீட்டில் இல்லை, கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷம் கழித்து அதை எப்படி ஆரம்பிப்பது என்றும் எனக்குத் தெரியவில்லை. புண்ணில் அந்தப் பொடி படாமலாவது இருக்கட்டும் என்று அதைக் கொட்டிவிட்டு அரிசி மாவை முடிந்து கட்டினேன். மூன்று நாள் கட்டு வெள்ளையாக இருந்தது. அவள் சாப்பிடாமல் அழுதாள், உள்ளேயே தங்கிப்போச்சு, இனி நான் பிழைக்க மாட்டேன், வெங்கிட்டு கல்யாணத்தைப் பார்க்க மாட்டேன் என்று. நான்காம் நாள் விடியற்காலையில் அவள் எழுவதற்கு முன் கட்டின் வெளிப்பக்கத்தில் என் பேனா மசியை நாலு சொட்டு விட்டேன். அவள் முகம் தெளிந்தது.

இதில் ஒரு சாமர்த்தியமும் செய்தேன். ஒரு மாத்திரை சாப்பிட்டுப் பாரேன், அதிகமாக இறங்குகிறதா பார்க்கலாம் என்றேன். மாத்திரை சாப்பிட்ட நாளில் எட்டுச் சொட்டு, சாப்பிடாத நாளில் இரண்டு. அவளே கண்டுபிடித்தாள், மாத்திரை விஷத்தை இளக்கிக் கொடுக்கிறது என்று. பத்து நாளாக இரண்டு வேளையும் தவறாமல் சாப்பிடுகிறாள். நான் செய்த ஒரே வைத்தியம் பலித்துவிட்டது என்று கொஞ்சம் கர்வப்பட்டேன். புண் மட்டும் ஆறவில்லை. கட்டு கறுத்துக்கொண்டிருக்கும்வரை அவள் டாக்டரிடம் வர மாட்டாள், கறுக்காவிட்டால் மாத்திரையை நிறுத்திவிடுவாள். உண்மையைச் சொன்னால் மாத்திரையும் போகும், என் பேச்சில் அவளுக்குள்ள நம்பிக்கையும் போகும். இப்படி ஓர் இடத்தில் என்னை நானே கட்டிப்போட்டுக்கொண்டேன்.

இன்று முப்பத்திரண்டாம் நாள். விடாத மழை, அசந்து தூங்கிவிட்டேன். எழுந்தபோது உன் அம்மா கமலாக்ஷியைக் கூப்பிட்டுக் கட்டை அவிழ்க்கச் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் மசி விடவில்லை, ஆனால் இடது கால் கட்டு கறுப்பும் சிவப்புமாக ஊறிப்போயிருந்தது, துர்நாற்றமும் இருந்தது. "இன்னிக்குத்தான் வேரோட இறங்கித்து" என்று சிரிக்கிறாள். காலைப் பிடித்துப் பார்த்தேன், சுண்டுவிரல் நாவல்பழ நிறத்தில் இருந்தது, தொட்டால் அவளுக்குத் தெரியவில்லை. அதற்கு மேல் என்னால் முடியவில்லை, கமலாக்ஷி எதிரிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், மாவு, மசி, சொட்டுக்கணக்கு எல்லாம். உன் அம்மா பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "நீங்கள் விட்டேளாக்கும், சரி, விட்டேள். அப்போ இன்னிக்கு ஆர் விட்டா?" என்றாள்.

அவள் கேட்டதற்கு நான் பதில் சொன்னேன், விரல் அழுகுகிறது என்று. இரண்டு வாரமாக ஏமாற்றியவன் சொல்வதை அவள் ஏன் நம்ப வேண்டும். நேராக இங்குள்ள டாக்டரிடம் போய்ச் சொன்னேன். இனி ஒன்பது நாள் காத்திருந்தால் விரலோடு நிற்காது, காலையே எடுக்க நேரலாம், உடனே ஆஸ்பத்திரியில் சேருங்கள் என்றார். வீட்டுக்குப் போய் அதையும் சொன்னேன். என் முகத்தைப் பார்க்காமல், மாவு கட்டின பாவத்துக்கு ஒன்பது நாளைக்கு வாயை மூடிண்டு இருங்கோ என்றாள். நீ வா வெங்கிட்டு. லீவு கொடுக்காவிட்டாலும் வா. அவள் கோபித்தால் கோபிக்கட்டும், நீ தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வை, நான் கதவைத் திறந்து பிடிக்கிறேன். உன்னிடம் அவள் இதுவரை ஏமாந்ததில்லை, அதனால் உன் சொல்லுக்கு மதிப்பு இருக்கும்.

தந்தியில் இதெல்லாம் அடங்காது, தபாலையும் நம்பாமல், பம்பாய்க்குச் சாம்பிள் கொண்டுபோகும் எங்கள் ஆபீஸ் நல்லசிவத்திடம் இதைக் கொடுக்கிறேன், சாயங்கால வண்டியில் கிளம்புகிறார், செம்பூருக்கு நேரே வந்து உன் கையில் தருவார். அவர் பையில் பள்ளுருத்திப் பொடியும் நாலு பொட்டலம் இருக்கிறது, அங்கே யாரோ எழுதிக் கேட்டார்களாம். அவரிடம் நீ ஒன்றும் வாதாட வேண்டாம், நீ ஏறவேண்டிய ரயிலுக்கு நேரமாகிவிடும். உனக்கும் இந்தச் சர்க்கரை வரக்கூடியதுதான், ஒருமுறை பரிசோதித்துக்கொள், மழைத் தண்ணீரில் வெறுங்காலோடு நடக்காதே. புறப்பட்டதும் ஆபீஸ் விலாசத்துக்குத் தந்தி அடி, வீட்டுக்கு வேண்டாம்.

தீர்க்காயுசாக, நல்ல உடம்போடு இரு.

அம்மாவின் ஆசீர்வாதத்தையும் சேர்த்துக்கொள், அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

உன் அப்பா,
சிவராமகிருஷ்ணன்