சிவப்பு நூல் கட்டிய தொட்டிகள்

மாட்டுங்கா
11 மார்ச் 2025

அன்புள்ள சைனப்,

உடம்பு சுகமா? ஐரோலி வேலை எப்படிப் போகிறது? இதையெல்லாம் கேட்க எனக்கு முகமில்லை. போனில் பேசினால் நான் பாதியில் அழுது, நீ என்னைச் சமாதானப்படுத்தும்படி ஆகிவிடும். அதனால் எழுதுகிறேன்.

செம்பூரில் நம் கல்லூரி மொட்டைமாடியில் நீ வளர்த்த தட்டைப்பயறுச் செடிகளைப் பற்றித்தான். பன்னிரண்டு தொட்டிகளில் சிவப்பு நூல் கட்டி, இவற்றுக்கு மட்டும் ஐந்து நாள் தண்ணீர் கூடாது என்று என்னிடம் சொல்லிவிட்டு உன் அண்ணன் கல்யாணத்துக்குப் போனாய். நான்காம் நாள் சாயங்காலம் எனக்கு லோக்கல் ரயிலைப் பிடிக்கிற அவசரம். குழாயைத் திறந்து எல்லாவற்றுக்கும் ஊற்றிவிட்டேன். கடைசித் தொட்டியில்தான் நூல் கண்ணில் பட்டது. யாருக்குத் தெரியப்போகிறது என்று ஓடிவிட்டேன்.

நீ வந்து இலையின் அடிப்பக்கம் நெயில் பாலிஷ் தடவி, காய்ந்ததும் இலையின் அச்சோடு அந்தப் படலத்தை உரித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாய். இலைத்துளைகள் திறந்திருந்தன. பார்த்ததை அப்படியே எழுதினாய். நம் ஆராய்ச்சியை நடத்தும் சுந்தரராமன் சார் அந்த நோட்டை எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டினார். "மண்ணு காஞ்சா செடி துளையை மூடிண்டு தண்ணியைக் காப்பாத்திக்கும். அஞ்சு நாள் காஞ்சது இப்படித் திறந்துண்டு இருக்குமா? பாக்காமலே எழுதியிருக்கே" என்றார். "நான் பாத்ததத்தான் சார் எழுதுனேன்" என்றாய். அவர் என் பக்கம் திரும்பினார். "சிவப்பு நூல் தொட்டியைத் தொடவே இல்லை சார்" என்றேன். நாக்கு கூசவில்லை, சைனப். அடுத்த வாரம் நீ கல்லூரியை விட்டே நின்றுவிட்டாய். உன் ஆராய்ச்சி என் கைக்கு வந்தது.

போன மாதம் அந்தச் சோதனையை முதலிலிருந்து செய்தேன். ஐந்து நாள் காயவிட்ட செடிகளில் துளைகள் மூடிக்கிடந்தன. பிறகு அவற்றுக்கே தண்ணீர் ஊற்றி மறுநாள் பார்த்தேன். துளையின் இரு பக்கமும் இருக்கிற செல்கள் நீரை இழுத்துப் புடைத்து, வளைந்து, வழிவிட்டிருந்தன. அளந்தேன். உன் நோட்டில் இருந்த கணக்கேதான். லேபில் யாருமில்லை. இருந்தாலும் முகம் எரிந்தது.

நேற்று எல்லாரும் இருக்கும்போதே சாரிடம் சொல்லிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணு சரியாத்தான் சொல்லியிருக்கா" என்றார். இந்த ஆராய்ச்சியிலிருந்து என்னை எடுத்துவிட்டார். அது நியாயம். தானே உன்னிடம் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்கிறார். நீ திரும்ப வந்தால் உன் இடம் உனக்குத்தான். விலாசம் கேட்டார். உன்னைக் கேட்காமல் நான் கொடுக்கவில்லை.

அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டு. மகள் பொய் எழுதியவள் இல்லை என்று அவர்களுக்குத் தெரியட்டும்.

சனிக்கிழமை இரண்டு மணிவரை சார் கல்லூரியில் இருப்பார். என்னை மன்னிக்க வேண்டாம். அவரை மட்டும் போய்ப் பார். அன்று நான் அந்தப் பக்கம் வரமாட்டேன். நீ தயங்காமல் படியேறு.

தோழி என்று போட்டுக்கொள்ளக் கை வராமல்,
ஹரிதா