முப்பத்தேழு தடவை

மார்ச் 4

என் வாலுவுக்கு,

அம்மா நலம். நீ போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். கிழித்துப் போடாமல் படி.

நீ சேரப்போகும் இடத்திலிருந்து உன்னைப் பற்றிக் கருத்துக் கேட்டு ஒரு படிவம் வந்திருக்கிறது. நம் ஆய்வகத் தலைவர் அதை என் மேஜையில் வைத்து, "உன் தங்கச்சிதானே, நீயே எழுதும்மா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். 'வேலையிலிருந்து ஏன் விலக்கப்பட்டார்?' என்ற கட்டத்தை நான்கு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பெரியவரை மறக்க முடியவில்லை. அன்று ஆய்வகத்து முடிவுகள் முப்பத்தேழு நோயாளிகளுக்குக் குறுஞ்செய்தியாகப் போயிருக்க வேண்டும். முப்பத்தாறு பேருக்கு ஒன்றும் போகவில்லை. பட்டியலின் கடைசியில் இருந்த அவருக்கு மட்டும் 'உடனே மருத்துவரைப் பாருங்கள்' என்று முப்பத்தேழு தடவை. செருப்பைக்கூடப் போடாமல் ஓடி வந்தாரே! அன்று அந்த ஃபைலைச் சர்வரில் ஏற்றியது நீ. கூட்டத்தில் எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள்.

அந்த ஃபைலில் செய்தி அனுப்பும் நிரல் வரிகளை எழுதியது நான், வாலு. அன்றே எனக்குத் தெரியும். எங்கே தவறு என்பதுதான் தெரியவில்லை. பிறகு கூப்பிடச் சொல்லி ஃபங்ஷனைக் கொடுத்துவைக்கும் இந்தக் கால்பேக்கை ஆபீசுக்கே சொல்லித் தருகிறவள், "எனக்குப் புரியல"ன்னு எப்படிச் சொல்வேன்? தரையைப் பார்த்து நின்றேன்.

போன வாரம்தான், வீட்டில் மூன்று பெயரை வைத்து ஓட்டிப் பார்த்துப் புரிந்துகொண்டேன். பட்டியலில் ஒவ்வொரு பெயராகச் சுற்றும் லூப்புக்குள்ளிருந்து, பத்து நிமிடம் கழித்துக் கூப்பிடு என்று டைமரிடம் ஆளுக்கொரு ஃபங்ஷனைக் கொடுத்திருந்தேன். ஒவ்வொன்றும் அந்த நேரத்துப் பெயரை எடுத்துக்கொண்டு போகும் என்று நம்பினேன். க்ளோஷர் என்கிற அந்த ஃபங்ஷன் பெயரை எடுத்துப் போவதில்லை, பெயர் மாறி மாறி வந்து உட்காரும் அந்த மாறியையே பிடித்துக்கொள்கிறது. ஆளுக்கொரு சீட்டு எழுதிக் கொடுக்காமல், "பலகையைப் பார்த்துக்கோ"ன்னு முப்பத்தேழு பேரை அனுப்பிய மாதிரி. அவர்கள் பார்க்கும்போது பலகையில் கடைசிப் பெயர்தான் இருந்தது.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. படிவத்தில் உன்னை ஆகா ஓகோ என்று எழுதிவிடுகிறேன். சரிதானே?

அக்கா

மார்ச் 11

அக்கா,

எனக்கு உன் ஆகா ஓகோ வேண்டாம்.

அந்த வரிகள் உன்னுடையவை என்று எனக்கும் அன்றே தெரியும். எந்த வரியை யார் எழுதினார் என்று காட்டும் மாற்றப் பட்டியலைக் கூட்டத்துக்கு முன்னாலேயே பார்த்துவிட்டேன், உன் பெயர் இருந்தது. தலைவர் நோய்களைப் படிப்பவர், அவருக்கு அதெல்லாம் பார்க்கத் தெரியாது. நீயே சொல்லுவாய் என்று காத்திருந்தேன். கூட்டம் முடிந்தும் மாடிப்படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நீ என்னைத் தாண்டி இறங்கிப் போனாய்.

மறுநாளிலிருந்து எல்லாம் சரியாக ஓடியதே, ஏன் என்று ஒரு நாளாவது யோசித்தாயா? கிளம்புவதற்கு முன் லூப்பில் அந்த மாறிக்கு முன்னால் 'வார்' என்று இருந்த சொல்லை 'லெட்' என்று மாற்றிவிட்டு வந்தேன். அப்படி எழுதினால் ஒவ்வொரு சுற்றுக்கும் தனி மாறி, நீ சொன்ன ஆளுக்கொரு சீட்டு மாதிரி. அவ்வளவுதான்.

இந்த வேலை கிடைக்காவிட்டால் வேறெங்கும் கூப்பிடமாட்டார்கள். ஒரு வருடமாக எல்லா இடத்திலும் அந்தக் கட்டத்தில்தான் மாட்டிக்கொள்கிறேன். என்னைப் புகழ வேண்டாம். யார் எழுதியது என்று மட்டும் எழுது. முடியாவிட்டால் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிடு.

அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது? 'அம்மா நலம்' என்று எழுதிவிட்டாய், அதிலும் உனக்கு உண்மையை எழுத வரவில்லையா?

வாலு

மார்ச் 19

வாலு,

தலைவரிடம் சொல்லிவிட்டேன். படிவத்தை அவரே வாங்கி, "இவர் மேல் எந்தத் தவறும் இல்லை, தவறு எங்களுடையது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு என் கண்ணெதிரே அனுப்பிவிட்டார். அம்மா முட்டிக்குத் தைலம் போட மறுக்கிறாள்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். இதைத்தான் சொன்னார்:

"தப்பு யாருக்கும் வரும்மா. அதுக்கா அவளை அனுப்பினேன்? தனியாக் கூப்பிட்டு, 'யாரு எழுதினதுன்னு மட்டும் சொல்லு, நீ இருக்கலாம்'னு மூணு தடவை கேட்டேன். வாயே திறக்கல. அந்தப் பிடிவாதத்துக்குத்தான் அனுப்பினேன்."

மூன்று தடவை கேட்டிருக்கிறார். நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

இதை நீ உன் கடிதத்தில்கூட எழுதவில்லை. மன்னித்துவிடு என்று எழுத எனக்கு முகமில்லை. பதில் போடாவிட்டாலும் வேலை கிடைத்ததா என்று அம்மாவிடமாவது சொல். அக்கா என்று கையெழுத்துப் போடக் கை வரவில்லை.

உன் கூடப் பிறந்தவள்